மூணாவது தடவை

சித்த தள்ளி உக்காருங்க தம்பி, பையை மேல வெச்சுக்கறேன். ஜன்னல் பக்கம் நீங்களே இருங்க, எனக்கு நடைபாதைப் பக்கந்தான் தோது. யாரு வர்றாங்க, யாரு போறாங்கன்னு தெரியுமுங்க.

மெட்ராஸ்தானுங்களா? நானும் அங்கதான். தம்பிக்கு எங்க வேலை? கம்ப்யூட்டருங்களா. சரிங்க. அரசூர்ப் பக்கம் எந்தக் கம்பெனிலயாச்சும் பழக்கம் உண்டுங்களா? இல்லீங்களே? சும்மாதான் கேட்டனுங்க. நம்ம ரயில்ல ஒரு பழம பேசுனா, நம்ம எறங்கறதுக்கு முன்னால அது ஆபீசுக்குப் போய்ச் சேந்துருது. காலம் அப்படி இருக்குது.

சித்த இருங்க, ஒரு போன் பண்ணிக்கறேன்.

எடுக்க மாட்டேங்குது. ஈரோடு தாண்டிக் கூப்பிடலாம். எங்க மேனேஜரம்மா கோகிலவாணிதானுங்க. நானே அண்ணான்னு கூப்பிட வெச்சு வேலை பழக்குன புள்ள. இப்ப எனக்கு மேல உக்காந்திருக்குது. மெட்ராஸ்ல ஒரு பார்ட்டி நம்ம சரக்கு சரியில்லைன்னு கொடி புடிக்கறான். "நீங்களே போயிப் பேசி முடிச்சுட்டு வாங்கண்ணா, எங்கிட்டக் கேக்கவே வேண்டாம், நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான்"ன்னு தாட்டியுட்டிருக்குது. கேக்கவே வேண்டாமாம். நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு எதாச்சும் ஆச்சுன்னா யாரு தலை உருளும்? கோகிலவாணி தலையா? அதனால ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் ஒரு போன் போட்டு வெச்சுக்கறனுங்க. எடுக்காட்டிப் போகுது, கூப்பிட்டதுக்குச் சாட்சி இருக்குமில்லீங்களா.

சிரிக்காதீங்க தம்பி. உங்களுக்கு வயசு பத்தாது. நான் பட்டவன்.

கம்பெனி பேரு வேண்டாமுங்க. வால்வு பண்றோம். காகித மில்லுல பெரிய பெரிய குழாயில கூழு போகுமில்லீங்களா, அதத் தெறந்து மூடறது. நான் எடுபிடிப் பையனாச் சேந்து, ப்ரொடக்ஷன் மேனேஜர் வரைக்கும் வந்தவன். முன்னால நம்மூரு மொதலாளிதான் வெச்சிருந்தாரு. அவரு ஒரு மாதிரிங்க. அவரப் பத்திச் சொன்னாத்தான் உங்களுக்கு மத்தது வெளங்கும்.

ஒருக்கா கேதார்நாத் போறேன்னுட்டு, பொட்டி படுக்கையோட கார்ல ஏறுனாரு. "டேய், நீங்களே பாத்துக்கங்கடா"ன்னாரு. எல்லாருக்கும் கொண்டாட்டம். தெய்வசிகாமணின்னு ஸ்டோர்ஸ்ல ஒருத்தர் இருந்தாரு. நல்ல வெயில் காலம். ஏசி மொதலாளி ரூம்ல மட்டுந்தான். பாவம், போயி அந்தச் சேர்ல சித்த நேரம் சாஞ்சு உக்காந்துட்டாரு. மொதலாளி எங்க இருந்தாருங்கறீங்க? கேட்டுக்கு எதுத்தாப்புல பேக்கரி, அதுக்குப் பக்கத்துல மச்சான் கார்ல, கண்ணாடிய ஏத்தி உட்டுக்கிட்டு, தேங்காய்பன்னு தின்னுக்கிட்டு. கேதார்நாத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. பின்வாசல் வழியா உள்ள வந்து நிக்கறாரு. "சேர் சொகமா இருக்குதாடா? மேனேஜர் ஆகறயா?"ன்னு கேட்டாரு. தெய்வசிகாமணி வெள்ளந்தி. "குடுத்தாப் பாத்துக்கறனுங்க"ன்னுட்டாரு. அவ்வளவுதான். அடுத்த வாரம் அவரு கம்பெனில இல்ல.

அதே மொதலாளி பொறகு என்னையும் கேட்டாருங்க. "சென்னியப்பா, மேனேஜர் ஆகறயா?" நான் என்ன சொன்னேன்? "எனக்கெதுக்குங்க மொதலாளி, உங்க நெழல்ல இருந்தாப் போதுமுங்க"ன்னேன். மறுக்காக் கேட்டாரு. "என்னய விடப் பெரியவங்க இருக்காங்களேங்க"ன்னேன். மூணாவது தடவை, "அட கிறுக்கா, ஆகுடான்னா ஆகு"ன்னு தட்டிக் குடுத்தாரு. அப்பத்தான் "நீங்க சொன்னாச் சரிங்க"ன்னேன். இதுதானுங்களே முறை? ஒறம்பரை ஊட்டுக்குப் போறோம். சாப்பிடறீங்களான்னு கேக்கறாங்க. ஒடனே எலையப் போடுங்கன்னா சொல்லுவோம்? இப்பத்தானுங்க சாப்பிட்டேன்னு சொல்லுவோம். அவங்க கையப் புடிச்சு இழுத்து உக்கார வெப்பாங்க. மனுசனுக்கு மனுசன் அப்படித்தான்.

அப்படிப்பட்ட கம்பெனிய வித்துட்டாருங்க. வாங்குனவங்க பின்லாந்துக்காரங்க. அங்கிருந்து ஒருத்தரு வந்தாரு. பேரு மிக்கோ. சின்ன வயசு, வெள்ளப்பூண்டு நெறம், ஒட்டடைக்கொம்பு மாதிரி உசரம். வந்த அன்னைக்கே, "சார் வேண்டாம், மிக்கோன்னு கூப்பிடுங்க"ன்னாரு. எனக்கு அப்பவே சந்தேகந்தான். சார்னு கூப்பிட வேண்டாம்னு ஒரு மனுசன் எதுக்குச் சொல்லுவான்? நம்ம வாயில இருந்து மரியாதைய எடுத்துட்டா, நாளைக்கு மரியாதை இல்லாமப் பேசுனான்னு எழுதலாமில்லீங்களா? நான் கடைசி வரைக்கும் மிக்கோ சார்தான். அவரு என்னய சென்னின்னு சுருக்கிட்டாரு. எங்கப்பன்கூட அப்படிக் கூப்பிட்டதில்ல.

அவருகிட்ட ஒரு வித்தை இருந்துச்சுங்க. ஒரு கேள்வி கேப்பாரு. "சென்னி, நீங்க என்ன நெனைக்கறீங்க?" கேட்டுட்டு வாய மூடிக்குவாரு. நம்மளும் எல்லாம் நல்லாப் போகுதுங்க சார்னு சொல்லிருவோம். அவரு நகர மாட்டாரு. கண்ணக்கூடச் சிமிட்டாம நின்னுக்கிட்டு இருப்பாரு. எம்மா நேரம்னாலும் நிப்பாரு. நமக்கு அது தாங்குமுங்களா? ரண்டு பேரு நின்னுக்கிட்டு ஒண்ணும் பேசாம இருந்தா நமக்கு என்னமோ சண்டை மாதிரி ஆகிப்போகுது. எதையாச்சும் ஒளறி வெச்சுருவோம். அடுப்பு சரியா சூடேறலைங்க சார், பெயிண்டு உரியுதுங்க சார்னு வந்துரும். அதக் கேட்டுட்டு "நன்றி"ன்னுட்டுப் போயிருவாரு. வாயப் புடுங்கறதுலயே இது ஒசந்த ரகமுங்க.

நான் உடுவனா? என்ற ஆளுங்களையெல்லாம் கூட்டி வெச்சுச் சொன்னேன். "அவரு எது கேட்டாலும் நல்லாப் போகுதுங்கோணும். அதுக்கு மேல நின்னாருன்னா, பாத்ரூம் போறேன்னு நகந்துருங்க." எல்லாரும் கேட்டாங்க, கோகிலவாணியத் தவிர. அந்தப் புள்ளைக்கு கோபிச்செட்டிபாளையம், சரக்கு பரிசோதனை பாக்கறதுக்குன்னு நாந்தான் சேத்துக்கிட்டேன். அது என்னடான்னா, அவரு கேக்கக் கேக்க எல்லாத்தையும் சொல்லுது. இந்த மாசம் இத்தனை வால்வு ஒழுகுச்சு, என்னால கண்டுபுடிக்க முடியலன்னு தன் தப்பையே சொல்லுது! அவரு சிரிக்கறாரு. ரண்டு பேரும் நின்னு ஒண்ணும் பேசாம வால்வப் பாத்துக்கிட்டிருக்காங்க. எனக்கு எப்படி இருக்குமுங்க?

பாருங்க, அவரு இங்க நெலையா இருக்க வந்தவரில்ல. இங்கயே ஒரு ஆளப் புடிச்சுத் தலைமைல உக்கார வெச்சுட்டுத் திரும்பிப் போகோணும். அது எல்லாத்துக்கும் தெரியும். அந்தச் சேரு யாருக்குங்கறது மட்டுந்தான் தெரியாது. எனக்குத்தான்னு என்ற மனசுல ஒரு எண்ணம். பூங்கொடி, என்ற ஊட்டுக்காரி, அவிய அண்ணங்கிட்டச் சொல்லி, அவிய அண்ணன் ஊருக்கே சொல்லிட்டாரு. ஒரு கல்யாணத்துக்குப் போனா, "கம்பெனியே இனி உங்களுதாமே"ங்கறாங்க. நான் அப்படியெல்லாம் இல்லீங்கன்னு சொல்லுவேன். ஆனா உள்ளுக்குள்ள ஆசைங்க தம்பி. உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. அத்தனை வருசம் அந்த மண்ணுல பொரண்டவனுக்கு ஆசை இருக்காதுங்களா?

இந்த நேரத்துலதான் ஒரு நாள் கூப்பிட்டு, "சென்னி, நான் லீவுல போறேன்"னாரு. எத்தனை நாளைக்குங்க சார்னேன். ஒரு மாசமாம்! என்ற கல்யாணத்துக்கே நான் அப்படிப் போனதில்ல. அவிய ஊருல ஏரிக்கரைல மர ஊடாம். கரண்டு கெடையாதாம். தண்ணில உளுந்து, மீனப் புடிச்சு, அந்த மாசம் பூரா யாருகிட்டயும் பேச மாட்டாராம். "போன் அணைச்சுருவேன். நீங்கதான் முடிவு பண்ணணும். கையெழுத்தும் உங்களுதுதான். என்னய எதுக்கும் கேக்க வேண்டாம்"ங்கறாரு.

எனக்கு ஒடனே தேங்காய்பன்னுதான் ஞாபகம் வந்துச்சு.

எல்லாருக்கும் மெயில் போட்டுட்டுப் போனாரு. மறுநாள்ல இருந்து நான் கேட்டுக்குள்ள நொழையறதுக்கு முன்னால அந்த பேக்கரிக்கு ஒரு நடை. நிக்கற கார் ஒவ்வொண்ணையும் குனிஞ்சு பாக்கறது. ஒருக்கா ஒரு கார்ல பொம்பளப்புள்ள உக்காந்திருந்து, அது கத்தப்போக, பேக்கரிக்காரன் என்னய என்னமோ நெனைச்சுட்டான். அது வேற கதை. ரேஸ்கோர்ஸ்ல அவரு குடியிருந்த ஊட்டுக்கும் போனேன். வாட்ச்மேன், "ஐயா ஊருக்குப் போயிட்டாருங்களே"ன்னான். சொல்லிக் குடுத்த மாதிரியே சொன்னானுங்க. சந்தேகம் போகுமா?

இன்னொரு நாள் பூங்கொடியக் கூட்டிக்கிட்டு மாலுக்குப் போனா, அங்க ஒரு வெள்ளைக்காரன் முதுகு. அதே உசரம். நான் வண்டியத் தள்ளிக்கிட்டு அவன் பின்னாலயே போறேன். அவன் அரிசிப் பக்கம் போனா நானும் அரிசி, அவன் சோப்புப் பக்கம் போனா நானும் சோப்பு. "என்னங்க உங்களுக்குப் பைத்தியமா?"ங்கறா இவ. கடைசில அவன் சடார்னு திரும்பி, ரண்டு கையவும் கூப்பி, "வணக்கம்"னு சொல்றான். கெழவன். எதோ ஆசிரமத்துக்கு வந்தவன். அப்பறம் அவனும் நானும் வெந்தயம் எந்தப் பக்கம் இருக்குதுன்னு தேடுனோம்.

டீ வேணுமுங்களா தம்பி? எனக்கு வேண்டாமுங்க. ரயில் டீய நான் நம்பறதில்ல.

எங்க உட்டேன்? ஆங், மெயில். நான் ஒரு சின்ன விசயம்னாலும் அவருக்கு எழுதிப்புடுவேன். இதப் பண்ணட்டுங்களா, அத வேண்டாம்னு சொல்லட்டுங்களான்னு. ஒடனே பதில் வரும் தெரியுமுங்களா? "நான் விடுமுறையில் இருக்கிறேன். எந்த முடிவானாலும் சென்னியப்பனைக் கேளுங்கள்"னு என்ற போன் நம்பரோட வரும். நான் கேட்டா என்னையவே கேக்கச் சொல்லுது! இத விட நக்கல் உண்டுங்களா? நான் திரும்பி எழுதுவேன். திரும்பி அதே பதில். ஏரிக்கரைல கரண்டு இல்லைன்னாரே, அப்ப எப்படிங்க இந்த நொடியே பதில் வருது? போனக் கையிலயே வெச்சுக்கிட்டுத்தானே இருக்கறாரு? என்ற மக, "அப்பா, அது தானா வர்றது"ன்னா. தானா வருதாம். முதல்ல எழுதி வெச்சது மனுசந்தானே?

அந்த மாசம் பூரா நான் அவரு ரூம் பக்கம் போகல. பூட்டிச் சாவிய மேசைக்குள்ள வெச்சுட்டேன். கையெழுத்துக்கு வந்ததெல்லாம் ஒரு ஓரமா அடுக்கி, சார் வரட்டும்னு சொல்லிட்டேன்.

அப்பத்தான் கரூர்ப் பக்கம் ஒரு காகித மில்லுல இருந்து ஆளு வந்தாரு. அவங்க வால்வு ஒடஞ்சுபோயி மில்லே நிக்குதாம். நம்ம முற்றத்துல ஒண்ணு ரெடியா பெட்டி கட்டி இருந்துச்சு. ஆனா அது வெளிநாட்டுக்குப் போற சரக்கு. அதக் குடுங்கங்கறாரு. வரவேற்புல ஒரு சோபா இருக்குது, அங்கயே உக்காந்துட்டாரு. கூலியாளுங்க சம்பளம் இல்லாம நிக்கறாங்க, பாத்துப் பண்ணுங்கன்னு எந்திரிச்சு எந்திரிச்சு கும்புடறாரு. அவரு மொகத்தப் பாத்தா அழுதுருவாரு போல இருந்துச்சு. ஆனா எனக்கு என்ன தோணுச்சுன்னா, இவன உண்மைலயே மில்லுதான் அனுப்புச்சா? இல்ல, என்னயச் சோதிக்க மிக்கோ சாரே அனுப்புனாரா?

கோகிலவாணி வந்துச்சு. "அண்ணா, குடுத்துரலாமுங்க. கப்பல் போறதுக்கு இன்னும் நாள் இருக்குது. அதுக்குள்ள வேற ஒண்ணு வார்த்துக்கலாம்."

"சார் வரட்டும் அம்மிணி."

"சார் உங்களைத்தானுங்களேண்ணா முடிவு பண்ணச் சொல்லிட்டுப் போனாரு?"

"அதுதான் அம்மிணி எனக்குப் பயமே."

"அப்ப நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்துரட்டுங்களா?"

"போடுன்னும் நான் சொல்லல. வேண்டாம்னும் சொல்லல. நீ எங்கிட்ட வந்து கேட்டயாங்கறதே எனக்கு ஞாபகம் இல்ல."

போட்டுருச்சுங்க. வால்வு அன்னைக்கே லாரி ஏறிப் போயிருச்சு. அந்த மனுசன் போறப்ப எங்கிட்டயும் வந்து கும்புட்டுட்டுப் போனாரு. நான் திரும்பிக்கூடப் பாக்கல. பாத்தா நாங் குடுத்த மாதிரி ஆயிருமே. ஒடனே மிக்கோ சாருக்கு ஒரு மெயில் போட்டு வெச்சேன், இன்ன மாதிரி நடந்துது, எனக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு. பதிலு என்ன வந்துச்சுங்கறீங்க? சென்னியப்பனைக் கேளுங்கள்.

சரி, மாசம் முடிஞ்சு திரும்பி வந்தாரு. மூஞ்சியெல்லாம் செவந்து, தாடி வெச்சுக்கிட்டு. நாந்தான் ரூமத் தொறந்து உட்டேன். எனக்குப் பெருமைங்க. "நீங்க வெச்சுட்டுப் போன மாதிரியே இருக்குதுங்க சார். நான் ஒண்ணையும் தொடல. ஒரு காகிதம்கூட அசையல"ன்னேன். அவரு செவுத்துல நாள் காலண்டரு. அதுல அவரு கெளம்பிப்போன தேதியே இருந்துச்சு. நான் அதக்கூடக் கிழிக்கல. விசுவாசம்னா அதானுங்களே? அவரு அந்தக் காலண்டரையே எம்மா நேரம் பாத்துக்கிட்டு நின்னாரு. வால்வு குடுத்ததப் பத்தி ஒண்ணும் பேசல. குடுத்தது யாருன்னு நாஞ் சொன்னேன். "தெரியும்"னாரு. எப்படித் தெரியும்? மர ஊட்டுல உக்காந்துக்கிட்டு எப்படித் தெரியும்? அந்த மில்லுக்காரன் அவருக்கு நன்றின்னு மெயில் போட்டிருந்தானாம், அன்னைக்குக் காலைலதான் படிச்சாராம். இருக்கட்டும்.

அப்பறம் கதவச் சாத்திட்டு என்னய உக்காரச் சொன்னாரு. நேராவே கேட்டாருங்க. சுத்தி வளைக்கல.

"சென்னி, வருசக் கடைசில நான் ஊருக்குத் திரும்பறேன். இந்த இடத்துக்கு உங்க பேரத்தான் லீவுக்கு முன்னாலயே சொல்லி வெச்சிருக்கேன். அந்த ஒரு மாசம் உங்களுக்கு இது பழகட்டும்னு நெனைச்சேன். இந்த வேலை உங்களுக்கு வேணுமா?"

பாத்தீங்களா தம்பி, எப்படி வலை விரிக்கறாருன்னு? லீவுக்கு முன்னாலயே சொல்லியாச்சாம். அப்ப எதுக்கு இப்பக் கேக்கறாரு? ஆசைப்படறனான்னு பாக்கறாரு. தெய்வசிகாமணி அப்படியே என்ற கண்ணு முன்னால வந்து நிக்கறாரு. நான் கையக் கட்டிக்கிட்டேன். "எனக்கெதுக்குங்க சார். நீங்க இருக்கறப்ப எனக்கென்னங்க கொறை. கோகிலவாணி இருக்குது. சின்னப்புள்ள, சுறுசுறுப்பு. அது நல்லாப் பண்ணுமுங்க"ன்னேன்.

ஏன் அந்தப் பேரச் சொன்னேன்னு கேக்கறீங்களா? சின்னவங்க பேரச் சொல்றதுதானுங்களே நம்ம வழக்கம். அவரு, "அதெப்படி, அது சின்னப்புள்ள, நீங்கதான் வேணும்"னு சொல்லோணும். அதுக்குத்தான் சொல்றது.

அவரு அவரோட வித்தைய ஆரம்பிச்சாரு. பேசாம உக்காந்திருந்தாரு. எம்மா நேரமோ. நானும் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். பொறகு, "நிச்சயமாவா சென்னி?"ன்னாரு.

ரண்டாவது தடவை. நெஞ்சுல கைய வெச்சு, "நிச்சயமாத்தானுங்க சார்"ன்னேன்.

அடுத்தது மூணாவது. வாயில சொல்லு வந்து நிக்குது. "நீங்க இம்மா தூரம் சொல்றப்ப நான் என்னங்க சொல்றது, உங்க இஷ்டமுங்க சார்." கண்ணுலகூடத் தண்ணி கட்டிருச்சுங்க. பூங்கொடிக்கு எப்படிச் சொல்றது, எந்தக் கடைல மைசூர்பா வாங்கறதுன்னு மனசு ஓடுது. அந்த மனுசன் என்ன பண்ணுனாருங்கறீங்க? எந்திரிச்சாரு. என்ற கையப் புடிச்சுக் குலுக்குனாரு. "நேர்மையாச் சொன்னதுக்கு நன்றி"ன்னாரு.

நான் கதவு வரைக்கும் மெதுவா நடந்தனுங்க. கைப்பிடியப் புடிச்சுக்கிட்டு நின்னேன். கூப்பிடல. குனிஞ்சு கம்ப்யூட்டரப் பாக்க ஆரம்பிச்சுட்டாரு.

ஊட்டுக்கு வந்து சொன்னா பூங்கொடி தலையில அடிச்சுக்கறா. "வேணுமான்னு கேட்டா வேணும்னு சொல்ல வேண்டியதுதானுங்களே?" உனக்கு ஆபீசு தெரியாது, பேசாம இருன்னேன். ரண்டு தடவை கேட்டவன் மூணாவது தடவை கேக்காமயா போயிருவான்? அப்படித்தான் சொன்னேன்.

அந்த ஞாயித்துக்கெழம நான் வராந்தாவுல பேப்பர் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். தெருமுனைல ஒரு ஸ்கூட்டர். அதுமேல ஒட்டடைக்கொம்பு மாதிரி ஒரு ஆளு, தலைக்கவசம் போட்டுக்கிட்டு, ஒவ்வொரு ஊடாப் பாத்துக்கிட்டு வருது. மிக்கோ சாரேதான். ஞாயித்துக்கெழம மேலதிகாரி ஊட்டுக்கு எதுக்கு வருவான் சொல்லுங்க? எத்தனை ஏசி மாட்டியிருக்கான், எந்தக் கார் நிக்குது, இவன் வாங்கற சம்பளத்துக்கு இந்த ஊடு எப்படின்னு பாக்க வருவான். அப்படித்தானே வருவான்? நான் எந்திரிச்சு உள்ளாற ஓடிட்டேன். "ஒறம்பரைல ஒரு எழவு, பெருந்துறை போயிருக்காருன்னு சொல்லு"ன்னு பூங்கொடிகிட்டச் சொல்லிட்டு, ரூமுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டேன். வராந்தாவப் பாத்த ஜன்னல்ல திரை இருக்குது. அதுக்குப் பின்னால நின்னுக்கிட்டேன்.

அவசரத்துல என்ற கண்ணாடிய சேர்லயே உட்டுட்டேன். செருப்பு வாசல்ல கெடக்குது. வண்டி நிக்குது.

பூங்கொடி உக்கார வெச்சு மோர் குடுத்தா. அவளுக்கு இங்கிலீசு வராது, அவருக்குத் தமிழ் வராது. பெருந்துறை, பெருந்துறைன்னு கையக் காட்டுறா. அவரு தலைய ஆட்டுனாரு. மோரக் குடிச்சாரு. அப்பறம் சும்மா உக்காந்திருந்தாரு. என்ற பேப்பரு, என்ற கண்ணாடி, எல்லாம் பக்கத்து சேர்ல. அதையும் பாத்தாரு. அவருக்குத்தான் பேசாம இருக்கறது பெரிய விசயமே இல்லியே. நான் மூச்சக்கூட மெதுவா உட்டுக்கிட்டு நிக்கறேன். கடைசில ஒரு ஜாம் பாட்டலக் குடுத்துட்டு எந்திரிச்சுப் போனாரு. அவிய ஊருக் காட்டுல பறிச்ச பழமாம். செவப்பா, ஒரே புளிப்பு.

திங்கக்கெழம அறிவிப்பு வந்துருச்சு. கோகிலவாணி.

நான் மொதல்ல போயி வாழ்த்துச் சொன்னேன். சொல்லாட்டி மூஞ்சியப் பாத்துக் கண்டுபுடிச்சிருவாங்க. பொறகு ஒரு நாள் கேண்டீன்ல அந்தப் புள்ள எம்பக்கத்துல வந்து உக்காந்துச்சு. கண்ணெல்லாம் ஒரு மாதிரியா இருந்துச்சு.

"அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். எனக்கு உறுத்திக்கிட்டே இருக்குது. அன்னைக்கு மிக்கோ எங்கிட்ட வந்து, சென்னி ஏன் வேண்டாம்னுட்டாருன்னு ரொம்ப வருத்தப்பட்டுக் கேட்டாருங்கண்ணா. நாந்தான் சொன்னேன். எங்காளுங்க கேட்ட ஒடனே சரின்னு சொல்ல மாட்டாங்க. மூணாவது தடவை கேக்கோணும். அதும் ஊடு தேடிப் போயிக் கேட்டீங்கன்னா தட்டவே மாட்டாங்கன்னு சொன்னேன். அதுக்குத்தான் அந்த ஞாயித்துக்கெழம உங்க ஊட்டுக்கு வந்தாரு. நீங்க ஊர்ல இல்லாமப் போயிட்டீங்களேங்கண்ணா."

"ஆமா அம்மிணி. பெருந்துறைல ஒரு எழவு"ன்னேன்.

நீங்களே சொல்லுங்க தம்பி, தனக்கு வர்ற சேர எந்தப் புள்ளயாச்சும் அடுத்தவனுக்கு எடுத்துக் குடுக்குமா? அதுல என்னமோ இருக்குது. என்னன்னு இன்னும் எனக்குப் புடிபடல. ஒவ்வொரு வாட்டியும் யோசிச்சுப் பாக்கறேன். அவ சொன்னது பொய்யா இருந்தா எனக்கு நல்லா இருக்குமுங்க. பொய்தான்னு நானே அடிச்சுச் சொல்லுவேன், ஆனா மனசு ஒத்துக்க மாட்டேங்குது. அதுதான் வெசனமே.

மிக்கோ சார் வருசக் கடைசில போயிட்டாரு. போறப்ப எல்லாத்துக்கும் கை குடுத்த மாதிரி எனக்கும் குடுத்தாரு. ஊட்டுக்கு வந்ததப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. பெருந்துறை எப்படின்னு கேக்கல.

ஒண்ணு மட்டும் நான் யாருகிட்டயும் சொன்னதில்லீங்க, பூங்கொடிகிட்டக்கூட. அன்னைக்கு அவரு எங்க ஊட்டுக் கேட்டத் தாண்டிப் போயி ஸ்கூட்டர்ல உக்காந்து, தலைக்கவசத்த மாட்டிக்கிட்டாரு. பூங்கொடி உள்ள வந்துட்டா. அவரு வண்டிய எடுக்கல. திரும்பி நேரா நான் நின்ன ஜன்னலப் பாத்தாரு. கைய ஒசத்தி, போயிட்டு வர்றேங்கற மாதிரி ஆட்டுனாரு. அங்க ஆளு நிக்குதுன்னு அவருக்குத் தெரியும். வேவு பாத்துத் தெரிஞ்சுதோ, எப்படித் தெரிஞ்சுதோ. அவரு கைய ஆட்டுன அந்த நொடி, என்னய அறியாமயே என்ற கையும் மேல போயிருச்சுங்க தம்பி. திரைக்குப் பின்னால நின்னுக்கிட்டு நானும் ஆட்டறேன். வண்டி தெருமுனை திரும்பறது தெரியுது, நான் இன்னும் கைய எறக்காம நிக்கறேன்.